ஹைட்ரன்ட் முன்னால் கார், பெட்டிக்குப் பூட்டு, பம்ப் ‘ஆஃப்’: எங்கிருந்து தொடங்குவது?

தென் சென்னையில் ஸ்டில்ட்டும் (தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தரைத்தளம்) ஏழு மாடியுமாக இரண்டு பிளாக், 96 வீடுகள் கொண்ட குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

ஸ்டில்ட் தளத்தில் ஈ.பி. மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் யாரோ போட்டுவைத்திருந்த பழைய சோபா ஓர் இரவு தீப்பிடித்தது. வாட்ச்மேன் ஹைட்ரன்ட்டை, அதாவது தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் சிவப்புக் குழாய்க் கம்பத்தை நோக்கி ஓடினார். அதன் முன்னால் 14-ஆம் எண் இடத்துக் கார் ஒட்டி நின்றது. தண்ணீர் அடிக்கும் ஹோஸ் குழாய் வைத்திருக்கும் ஹோஸ் பாக்ஸ் பூட்டியிருந்தது. சாவி விடுமுறையில் போயிருந்த சூப்பர்வைசரிடம். பூட்டை உடைத்து, காருக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து வால்வைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது என்று இரண்டு மாதமாக பம்ப் பேனலையே அணைத்து வைத்திருந்தார்களாம். பவுடர் சிலிண்டர் மூன்றை அடித்துத் தீயை அணைத்திருக்கிறார்கள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் வரைபடத்தில் ஆறு வெளி ஹைட்ரன்ட், கண்ணில் படுவது நான்கு. போன ஆண்டு தோட்டப் பக்கம் பேவர் பிளாக்கும் செயற்கைப் புல்லும் போட்டிருக்கிறார்கள். பில்டர் வீட்டை ஒப்படைத்து நான்கு ஆண்டு ஆகிறது.

அவர் கேட்பவை: 14-ஆம் எண்காரர் “பில்டர் எழுதிக் கொடுத்த இடம்” என்று காகிதத்தைக் காட்டுகிறார், என்ன செய்வது? துணைத் தலைவர் சொல்வதுபோல் சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாமா? நியூயார்க்கில் இருக்கும் மகன் அங்கே ஹைட்ரன்ட்டுக்கு இருபுறமும் 15 அடிக்குள் வண்டி நிறுத்தினால் அபராதம் என்கிறான், இங்கே போலீஸில் சொல்ல முடியாதா? தீயணைப்புத் துறையின் சான்றிதழ் கையில் இருக்கும்போது இதெல்லாம் எப்படி நடந்தது? எல்லாரையும் ஹோஸ் பிடிக்கப் பழக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்தக் காரைப் பற்றியே இருக்கிறது. கோபம் நியாயம்தான். ஆனால் அன்றிரவு அந்தக் கார் அங்கே இல்லாமல் இருந்திருந்தாலும் சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. சிவப்புக் கம்பம் கடைசிக் கண்ணி மட்டுமே. சம்பில் தண்ணீர், பம்ப், குழாய், வால்வு, ஹோஸ், முனை என்று ஆறும் சேர்ந்தால்தான் அது ஹைட்ரன்ட். ஆகவே பம்ப் ரூமிலிருந்து தொடங்குகிறேன். காரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தீ மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பலகையின் மேல் ஹோஸ் தண்ணீர் பட்டிருந்தால், முனையைப் பிடித்தவர் உயிருக்கே ஆபத்து. மெயினை இறக்கிய பிறகே, அதுவும் பலகையிலிருந்து விலகி நின்றே தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்ச்மேன் பவுடர் சிலிண்டரை எடுத்தது வேறு வழி இல்லாமல்தான் என்றாலும், அந்த இடத்துக்கு அதுதான் சரியான கருவி. மெயின் ஸ்விட்ச் எங்கே, எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்பதை எல்லா ஷிப்ட் வாட்ச்மேன்களுக்கும் காட்டிவையுங்கள். மீட்டர் ரூமைச் சுற்றி சோபா, மெத்தை, அட்டைப்பெட்டி எதுவும் கூடாது.

பம்ப் ரூமில் இந்த வாரமே பார்க்க வேண்டியவை

அங்கே மூன்று பம்ப் இருக்கும். சின்னது ஜாக்கி. குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்கும்படி, சிறு கசிவுகளை ஈடுகட்டுவது அதன் வேலை. பெரியது மின்சார மெயின் பம்ப். மூன்றாவது, கரண்ட் போனால் ஓட வேண்டிய டீசல் பம்ப். மூன்றுமே பேனலில் ‘ஆட்டோ’வில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, குழாயில் 7 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ) வைத்திருந்தால் 6-க்கு இறங்கும்போது ஜாக்கி ஓடி 7-இல் நிற்கும். யாரோ வால்வைத் திறந்து 5-க்கு விழுந்தால் மெயின் பம்ப். அதுவும் ஓடாமல் 4-க்கு விழுந்தால் டீசல். உங்கள் பேனலில் எண்கள் வேறாக இருக்கலாம். வரிசை இதுதான்.

வாட்ச்மேன்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். ஜாக்கி தானாக நிற்கும். மெயின் பம்ப் தானாக நிற்காது, போய்க் கையால் நிறுத்த வேண்டும். தீ அணைக்கும் நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாதவர் “பம்ப் நிற்கவே மாட்டேங்குது, ரிப்பேர்” என்று ஆஃப் செய்துவிட்டுப் போய்விடுவார். நிறுத்தியவுடன் மறுபடி ஆட்டோவுக்குத் திருப்ப வேண்டும் என்று பேனல் மேலேயே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாட்ச்மேனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும் என்றால் இந்தியிலும்.

அணைப்பதற்கு முன் ஜாக்கி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கண்டுபிடிக்கும் வழி இது. கடைசிப் பத்தியில் சொல்லும் முறையில் குழாயை நிரப்பிய பிறகு, ஆளிருக்கும்போது, ஒரு மணி நேரத்துக்கு மட்டும், மூன்று பம்ப்பையும் நிறுத்திவிட்டு கேஜை (அழுத்தம் காட்டும் முள்மானி) பாருங்கள். 7-இலிருந்து 6-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். பிறகு ஏ பிளாக், பி பிளாக், வெளி வளையக் குழாய் என்று பிரியும் இடங்களில் உள்ள வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மறுபடி பாருங்கள். எதை மூடியதும் முள் இறங்காமல் நிற்கிறதோ, கசிவு அந்தப் பக்கம். எல்லாவற்றையும் மூடியும் இறங்குகிறது என்றால் பம்ப்பை ஒட்டிய நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்காமல் தண்ணீர் சம்புக்கே திரும்புகிறது. மொட்டை மாடியில் ரைசர் (மாடிகளுக்கு ஏறும் செங்குத்துக் குழாய்) உச்சியில் உள்ள ஏர் வால்வு சொட்டுகிறதா என்றும் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். முடிந்ததும் மூடிய வால்வுகளை எல்லாம் திறந்தாயிற்றா என்று இருவர் தனித்தனியே சரிபாருங்கள். சோதனைக்காக மூடிய வால்வு மூடியபடியே ஆண்டுக்கணக்கில் கிடப்பது உண்டு.

கேஜில் 7 கிலோ காட்டினால் மேல் மாடிக்குப் போதுமா என்று நீங்களே கணக்குப் போடலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ குறையும். உங்கள் கட்டடம் சுமார் 24 மீட்டர் என்று வைத்தால் 2.4 கிலோ போக 4.6 மிச்சம்; தண்ணீர் ஓடும்போது குழாய் உராய்வில் இன்னும் கொஞ்சம் போகும். உச்சி ஹைட்ரன்ட்டில் தண்ணீர் ஓடும்போது 3.5 கிலோ நிற்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. பம்ப் ரூமில் 5 கிலோதான் காட்டுகிறது என்றால் மேலே 2.6-க்கும் கீழே. ஏழாம் மாடியில் அது போதாது.

டீசல் பம்ப்பை வாரம் ஒரு முறையாவது ஓடவிடுங்கள். ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் இல்லை, செத்துப்போன பேட்டரி. அதன் சார்ஜருக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போன் சார்ஜரைச் செருகியிருப்பார்கள்.

சம்ப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்புகளில் ஃபயர் சம்ப்பில் மோட்டாரை இறக்கி வீடுகளுக்கு ஏற்றிவிடுவது சகஜம். முறையான அமைப்பில் தண்ணீர் முதலில் ஃபயர் சம்ப்பில் விழுந்து, அது நிறைந்து வழிவதுதான் வீட்டுச் சம்ப்புக்குப் போகும். ஃபயர் சம்ப் எப்போதும் நிறைந்திருக்கும், தண்ணீரும் தேங்கிக் கெடாது. உங்கள் இடத்தில் லாரிக்காரர் எந்த மூடியைத் திறந்து குழாயை விடுகிறார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

காணாமல் போன இரண்டு கம்பங்கள்

ஆறில் நான்குதான் தெரிகிறது என்றால் மற்ற இரண்டும் தோட்டத்து வேலையில் மறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஜாக்கி தொல்லை தொடங்கியதும் அந்த வேலைக்குப் பிறகுதானா என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். ஆம் என்றால், கசிவும் காணாமல் போன கம்பமும் ஒரே இடத்தில் கிடைக்கலாம். தோட்டக் கான்ட்ராக்டர் “நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறதே” என்று கம்பத்தை அறுத்து மூடி போட்டிருப்பார். அந்த வெல்டிங் அல்லது கேஸ்கெட் கசியும்.

தேடும்போது பில்டர் கொடுத்த ‘ஆஸ் பில்ட்’ வரைபடத்தை எடுங்கள். அனுமதிக்கு முன் வரைந்தது வேண்டாம், குழாய் பதித்த பின் வரைந்தது. வெளி ஹைட்ரன்ட்டுகள் வழக்கமாக ஒன்றுக்கொன்று 45 மீட்டருக்கு மிகாமல், கட்டடச் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கும். தெரிந்த நான்கிலிருந்து டேப் பிடித்து அளந்தால் இடைவெளி விழும் இடம் தெரிந்துவிடும். குழாய் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும். இரும்புக் குழாய் என்பதால் கேபிள் தேடும் லொக்கேட்டர் கருவியிலேயே பாதை கிடைக்கும். பேவர் பிளாக்கில் ஓரிடம் மட்டும் அமிழ்ந்தோ, மழையில்லாத நாளிலும் ஈரமாகவோ இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். கடப்பாரையால் குத்த வேண்டாம். பேவரைக் கையால் எடுத்துவிட்டு மண்வெட்டியால் பாருங்கள்.

தோண்டும் முன்னும் தோண்டிய பின்னும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். பணம் யார் தருவது என்பது அந்தப் படத்தில்தான் இருக்கிறது. பழுதுச் செலவு முழுவதும் அசோசியேஷன் தலையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2016) 14-ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து எழுதினால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு நான்கு ஆண்டு ஆகிவிட்டது, மிச்சம் ஒன்று. ஆனால் கசிவு உங்கள் தோட்டக் கான்ட்ராக்டர் வெட்டிய இடத்தில் இருந்தால் பில்டர் கையை விரிப்பார், அது நியாயமும்கூட. அதனால் முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு உரியவருக்கு எழுதுங்கள். பில்டர் பதித்த குழாய் துருப்பிடித்திருந்தால் பதிவுத் தபாலில் இன்றைக்கே.

கம்பம் கிடைத்ததும் அதைத் தோட்டத்துக்கு அழகாக ஒளித்துவைக்காதீர்கள். செம்பருத்தி, அரளி வேலிகள் ஓராண்டில் வால்வை விழுங்கிவிடும். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் எழுதி, அதே எண்ணை எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே சிவப்பில் எழுதுங்கள். புகையிலும் இருட்டிலும் தேடுபவருக்குச் சுவர்தான் முதலில் தெரியும்.

14-ஆம் எண் கார்

முதலில் துணைத் தலைவரின் யோசனை. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டால் அந்தக் காரை ஹைட்ரன்ட் முன்னால் நீங்களே நிரந்தரமாக நிறுத்திவைக்கிறீர்கள். தீப்பிடித்த நேரத்தில் உரிமையாளரே ஓடிவந்தாலும் எடுக்க முடியாது. போதாக்குறைக்குக் காவல் நிலையத்தில் உங்கள் மேல்தான் புகார் வரும். காற்றைப் பிடுங்குவதும் இதே கதை.

மகன் சொன்ன 15 அடி நியூயார்க் நகரத்தின் சட்டம். அவர் சொன்னது சரி. நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டின் மத்திய சாலை விதிமுறைகளிலேயே ஹைட்ரன்ட்டை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று இருந்தது. ஆனால் அவை பொதுச்சாலைக்கானவை. கேட்டுக்கு உள்ளே நிற்கும் காருக்குப் போக்குவரத்துப் போலீஸ் வரமாட்டார்கள். தீ நடக்கும்போது மட்டும், தீயணைப்பு வீரர்கள் மறித்து நிற்பதை அகற்றுவார்கள். அதை நம்பியிருப்பது நிமிடங்களைப் பறிகொடுப்பது.

இனி அவர் கையில் உள்ள காகிதம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தின் நகலை வாங்கி அதில் 14-ஆம் எண் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபடத்தில் இல்லை, வண்டிப்பாதையில் கோடு போட்டு பில்டர் பின்னால் கொடுத்தது என்றால் அந்தக் காகிதத்துக்கு வலு மிகக் குறைவு. மேலே கூரையில்லாத திறந்தவெளி பார்க்கிங், மேலே சொன்ன 2016 சட்டத்தின் வரையறைப்படி பொது இடம். அதை ஒருவருக்கு விற்க முடியாது. ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச்சொத்தாக விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில், சொல்லியும் இருக்கிறது. இதை வைத்து நோட்டீஸ் அனுப்புவதானால் ஒரு வழக்கறிஞர் வார்த்தைகளைப் பார்க்கட்டும்.

வரைபடத்திலேயே அந்த இடம் பார்க்கிங் என்று இருந்தால் தவறு கார்க்காரருடையது அல்ல. ஹைட்ரன்ட்டை வைத்த இடம் தவறு. கம்பத்தை நாலைந்து மீட்டர் நகர்த்துவது பெரிய வேலை இல்லை. அந்தக் கிளையின் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, ஒரு வளைவுத் துண்டும் (ஃபிளேஞ்ச் பெண்ட்) சில மீட்டர் குழாயும் சேர்த்து ஒரே நாளில் முடிப்பார்கள். தீயணைப்புத் துறைக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, வரைபடத்தையும் திருத்திவையுங்கள்.

எப்படியானாலும் அவர் பணம் கொடுத்து வாங்கியதாக நம்புகிறவர். ‘காலி செய்’ என்று தொடங்காமல் விருந்தினர் பார்க்கிங்கில் ஓர் இடத்தை மாற்றாகக் கொடுத்துப் பேசுங்கள். பெரும்பாலான இடங்களில் தகராறு இதோடு முடிகிறது. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத் துணைவிதியில் சேர்த்தால் இனி வருபவருக்கும் அது பொருந்தும்.

கோடு போடுவதில் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். ஹைட்ரன்ட்டிலிருந்து இரண்டடி தள்ளி மஞ்சள் கோடு போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டிரைவர் சக்கரத்தைக் கோட்டில் நிறுத்துவார். காரின் மூக்கு சக்கரத்துக்கு முன்னால் இரண்டரை, மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டை மதித்த கார்தான் வால்வில் இடிக்கும்! அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்க (என்.எஃப்.பி.ஏ.) விதி கம்பத்தைச் சுற்றி 36 அங்குலம் காலியிடம் கேட்கிறது. அதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். ஹோஸ் மாட்டும் வாய் பார்க்கும் பக்கம் மட்டும் 2 மீட்டர் விடுங்கள். தண்ணீர் ஏறியதும் 63 மி.மீ. ஹோஸ் கட்டைபோல் விறைக்கும். வாயிலிருந்து இறங்கியதுமே திருப்ப வேண்டியிருந்தால் மடிந்து தண்ணீரை அடைத்துவிடும். கோட்டோடு நிறுத்தாமல் சக்கரத்தைத் தடுக்கும் ரப்பர் கட்டையைத் தரையில் போல்ட் போட்டுப் பதியுங்கள். டூவீலர்களுக்குக் கோடும் போர்டும் வேலைக்காகாது. கம்பத்தின் மூன்று பக்கம் முட்டி உயரத்துக்கு இரும்புக் குழாயை ‘ப’ வடிவில் வளைத்து நட்டுவிடுங்கள், வாய்ப்பக்கம் திறந்திருக்கட்டும்.

பூட்டும் திருட்டும்

ஹோஸ் பாக்ஸைப் பூட்டியது திருட்டுக்குப் பயந்து. கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) பிரான்ச்சும் (ஹோஸ் நுனியில் மாட்டும் முனைக்குழாய்) கப்ளிங்கும் (ஹோஸை மாட்டும் இணைப்பு) பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்குப் போகும் என்பதால் பயம் பொய்யில்லை. ஆனால் சாவி ஒரு மனிதரோடு ஊருக்குப் போனால் அந்தப் பெட்டி இல்லாததற்குச் சமம். பூட்டுக்குப் பதில் எண் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் சீல் போடுங்கள். கையால் இழுத்தாலே அறுந்துவிடும். அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்றும் தெரியும். காலை ரவுண்டில் வாட்ச்மேன் சீல் எண்ணை ஒப்பிட்டால் போதும். அடுத்த முறை மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினிய பிரான்ச்சாக வாங்குங்கள், ஐ.எஸ். 903 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கட்டும். கன்மெட்டல் அளவுக்குக் கள்வருக்கு அதில் ஆசை வராது. கேமராவின் கண்ணில் படும்படி ஒரு பெட்டி இருந்தாலும் நல்லது. எல்லாவற்றையும் எடுத்து செக்யூரிட்டி அறையில் குவித்துவைப்பது மட்டும் வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டியிலும் 15 மீட்டர் ஹோஸ் இரண்டும் ஒரு பிரான்ச்சும் இருக்க வேண்டும். சும்மா எண்ணாமல் மாட்டிப் பாருங்கள். கப்ளிங்கின் உள்ளே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா? அது விழுந்திருந்தால் மாட்டிய இடத்திலேயே பீய்ச்சும். வெயிலில் நிற்கும் பெட்டியில் ஹோஸ் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் உள் ரப்பர் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறும்போது அந்த மடிப்பிலேயே கிழியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது விரித்து, வேறு இடத்தில் மடித்துச் சுற்றுங்கள். நனைந்தால் நிழலில் காயவையுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். எலிக்கும் அது வாசல் என்பதால் வலை வைத்து மூடுங்கள்.

வால்வு மாதம் ஒரு முறை அசைய வேண்டும். ஹோஸையும் பிரான்ச்சையும் மாட்டி, முனையை இருவர் பிடித்துக்கொண்ட பிறகே சக்கரத்தை இடப்பக்கமாக மெல்லத் திருப்பித் திறக்க வேண்டும். வெறும் வாயைத் திறந்து பார்ப்பது ஆபத்து. இறுகியிருந்தால் பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்காதீர்கள். ஸ்பின்டில் (வால்வின் தண்டு) முறிந்துவிடும், அல்லது திறந்தது மூடாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் பார்த்து, அப்போதும் அசையாவிட்டால் அந்தக் கிளையை அடைத்து வால்வையே கழற்றிப் பழுது பாருங்கள்.

யார் எதைத் தொடலாம்

எல்லாரையும் ஹோஸ் பிடிக்கப் பழக்கும் யோசனை நல்லது, ஒரு திருத்தத்தோடு. 20 மி.மீ. முனையில் 3.5 கிலோ பிரஷரில் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் வெளியேறும். அது பிடித்திருப்பவரை 22 கிலோ எடையளவுக்குப் பின்னால் தள்ளும். கீழ்த்தளத்தில் அழுத்தம் கூடுதல் என்பதால் 30 கிலோவைத் தாண்டலாம். கை நழுவினால் அந்தப் பித்தளை முனை சாட்டையாகச் சுழன்று பக்கத்தில் நிற்பவர் மண்டையை உடைக்கும். அது பயிற்சி பெற்ற இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியது. குடியிருப்பவர்களுக்கானது, படிக்கட்டுப் பக்கம் டிரம்மில் சுற்றியிருக்கும் மெல்லிய ஹோஸ் ரீல். சுமார் 30 மீட்டர் நீளம், முனையிலேயே அடைக்கும் குழாய், ஒருவரே இழுத்துக்கொண்டு போகலாம். பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் அதைப் பழக்குங்கள். பெரிய ஹோஸுக்கு வாட்ச்மேன்கள், பிளம்பர், எலக்ட்ரீஷியன், விருப்பமுள்ள நாலைந்து பேர் போதும். பக்கத்து நிலையத்துக்கு அசோசியேஷன் கடிதத்தாளில் எழுதிக் கேளுங்கள், செயல்விளக்கத்துக்கு வருவார்கள்.

வெளியிலிருந்து வரும் தண்ணீர்

தெருவில் அரசு ஹைட்ரன்ட் இருக்கும், வண்டி அதில் மாட்டிக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கும் ஊரில்தான் தெரு ஹைட்ரன்ட்டுக்குப் பொருள் உண்டு. குறித்த நேரத்தில் மட்டும் தண்ணீர் விடும் இடத்தில் நள்ளிரவில் அது வெறும் குழாய். தீயணைப்பு வண்டி கொண்டுவருவது தன் தொட்டித் தண்ணீரைத்தான். 4,500 லிட்டர் வண்டி என்றால் மேலே சொன்ன ஒரு முனைக்கே ஒன்பது நிமிடம். அதற்குமேல் அவர்கள் தேடுவது உங்கள் சம்ப்பை.

அதற்காகத்தான் கேட்டுக்கு அருகே வாய்கள் பல கொண்ட சிவப்பு இன்லெட் வைத்திருப்பார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஒரு தொகுதி, வண்டியிலிருந்து சம்ப்பை நிரப்ப. இன்னொன்று, உங்கள் பம்ப் செத்துப்போனால் வண்டியின் பம்ப்பே நேராக ரைசருக்குத் தண்ணீர் தள்ள. அன்றிரவு பேனல் அணைந்திருந்த நிலையிலும் இது கைகொடுத்திருக்கும். எது எதற்கு என்று பெயர் எழுதுங்கள். மூடிகள் இல்லாவிட்டால் உள்ளே கல், சிகரெட் அட்டை, தண்ணீர் பாட்டில் மூடி எல்லாம் போயிருக்கும். விரலை விட்டு அல்ல, டார்ச் அடித்துப் பாருங்கள், தேள் இருக்கும். செக்யூரிட்டி நாற்காலி, பூந்தொட்டி, அசோசியேஷன் தேர்தல் பேனர் எதுவும் அதன் முன் வேண்டாம்.

வண்டி உள்ளே வர உங்களைப் போன்ற உயரமான கட்டடங்களுக்கு 6 மீட்டர் அகலப் பாதை வேண்டும் (தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம்). பாதை நடுவில் சம்ப் மூடியோ கழிவுநீர்த் தொட்டி மூடியோ இருந்தால், கார் போகிறதே என்று நினைக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த வண்டி பதினைந்து டன் அளவுக்கு வரும். அந்த மூடி கனரக வகைதானா என்று பாருங்கள். பொங்கல், நவராத்திரிப் பந்தல் போடும்போது கால்கள் பாதையில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் செயலாளர் வேலைதான். பின் கேட் எப்போதும் பூட்டியிருந்தால் அதன் சாவி முன் கேட்டில் இருக்கட்டும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஆய்வு நடந்த அன்று எல்லாம் இருந்தது என்பதற்கான சாட்சி. எதுவரை செல்லும் என்று அதிலேயே தேதி இருக்கும். முடிந்திருந்தால், கசிவைச் சரிசெய்து கம்பங்களை வெளியே எடுத்த பிறகு புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். காப்பீட்டு நிறுவனம் இழப்புக் கேட்பை ஆராயும்போது முதலில் கேட்பது இந்தத் தேதியையும் பம்ப் ஓடிய பதிவேட்டையும்தான்.

பதிவேடு பெரிதாக வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். தினமும்: மூன்று பம்ப்பும் ஆட்டோவிலா, கேஜ் எத்தனை, சீல் எண்கள். வாரம்: டீசல் ஓடியதா, சம்ப் மட்டம். மாதம்: எந்த வால்வு திறக்கப்பட்டது, உச்சி மாடியில் எத்தனை கிலோ. எழுதியவர் கையெழுத்து. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) கம்பெனி ஆள் வந்து போனால் அவர் கையெழுத்தும், அவர் எதை மூடினார், எதைத் திறந்துவைத்துப் போனார் என்பதும்.

இந்த வாரம் பேனலை ஆட்டோவுக்கு மாற்றும்போது மட்டும் கவனம். இரண்டு மாதம் இறங்கியிருந்த குழாயில் காற்று நிறைந்திருக்கும். மெயின் பம்ப்பை நேராகப் போட்டால் தண்ணீர் ஓங்கி அறைந்து பலவீனமான இணைப்பு ஏதாவது தெறிக்கும். உச்சி மாடி ஏர் வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜாக்கியை மட்டும் ஓடவிட்டு மெல்ல நிரப்புங்கள். ஒருவர் தோட்டத்துப் பக்கம் நிற்கட்டும். கேஜ் 7-ஐத் தொட்டு நின்ற பிறகே மற்ற இரண்டையும் ஆட்டோவில் போடுங்கள்.